திருவிழாவுக்கு மறுநாள்

மன்னார்க் கரையோரத்து ஊரான வங்காலையில் ஜூலை 26 புனித ஆனாளின் திருவிழா. கொடியேற்றம், நவநாள், முந்திய மாலையின் வேஸ்பர் ஆராதனை, திருவிழாத் திருப்பலி, சுரூபப் பவனி என்று அந்த நாட்களில் ஊர் முழுவதும் கோயிலடியில்தான் இருக்கும். ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று சிதறிப்போன பிள்ளைகள் முடிந்தால் அந்தத் திகதியை ஒட்டி விடுப்பெடுத்து வருவார்கள். வர முடியாதவர்கள் தொலைபேசியில் பவனியைப் பார்ப்பார்கள். என் மனத்தில் தங்கியிருப்பது அதற்கு மறுநாள். வான்கள் கட்டுநாயக்க விமானநிலையத்துக்குப் புறப்படும் காலை.

ஒருமுறை அந்தக் காலையில் நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். சோளகம் இரவெல்லாம் பனையோலைகளை உரசிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வான் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. கருவாடும் பனங்கட்டியும் வறுத்தரைத்த தூளும் தனிப் பையொன்றில் ஏறின. பேரப்பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் கொஞ்சிவிட்டு ஏறினார்கள். "போயிட்டு வாறம் அம்மா" என்றாள் மகள். எங்கள் பக்கத்தில் எவரும் "போறன்" என்று சொல்லிப் புறப்படுவதில்லை. வருவதைச் சொல்லித்தான் போக வேண்டும். வானின் பின்விளக்கு முடக்கில் மறைந்ததும் பெரியப்பா படலையைச் சாத்திக் கொளுவினார். பெரியம்மா குசினிக்குள் போய் எட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தார். பிறகு மூன்றை மட்டும் நிமிர்த்தினார். ஒன்று எனக்கு. நாளைக்கு இரண்டு போதும்.

"அப்பா, தேத்தண்ணி."

"வையுங்கோ அம்மா."

அதன் பிறகு வெயில் ஏறும்வரை அந்த வீட்டில் பேச்சு எழவில்லை. கோபம் எதுவும் இருக்கவில்லை. அவர் முன்விறாந்தைக் கதிரையில் இருந்தார். பெரியம்மா முற்றம் கூட்டினார், கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினார்.

அந்த இரண்டு சொற்களை நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா, அம்மா. ஒருவரையொருவர் அழைக்க அவர்கள் பிள்ளைகளிடம் கடன் வாங்கிய சொற்கள். கலியாணமான புதிதில் பெரியம்மா அவரை "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிட்டிருப்பார். எங்கள் பெண்கள் கணவனின் பெயரை வாயால் சொல்லாத காலம். பெயரைச் சொல்லாமலே ஒருவரை மட்டும் தொடுகிற அழைப்பு அது. சந்தை நிறைய ஆட்கள் நின்றாலும் அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பவர் ஒருவர்தான். முதற்பிள்ளை பேசத் தொடங்கியதும், பிள்ளைக்குப் பழக்குவதற்காக மனைவி கணவனை அப்பா என்கிறாள், அவர் அவளை அம்மா என்கிறார். இருபது, முப்பது வருடம் அப்படியே ஓடிவிடுகிறது. பிள்ளைகள் வானேறிப் போன பிறகும் அந்தச் சொற்கள் வீட்டில் தொங்கிக்கொண்டிருக்கின்றன, விட்டுப்போன உடுப்பைப் போல.

நானும் மனைவியும் சில வருடங்களாக, மன்னார்ப் பக்கத்துப் பங்கொன்றில், திருமண ஆயத்த வகுப்புக்கு வரும் இளையவர்களோடு ஒரு மணி நேரம் பேசிவருகிறோம். திருவருட்சாதனத்தைப் பற்றிப் பங்குத்தந்தை சொல்வார். உடலைப் பற்றியும் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் ஒரு வைத்தியர் சொல்வார். எங்களுக்கு விட்டிருப்பது வீட்டுப் பேச்சு: காசு, மாமன் மாமி, கோபம். வருகிறவர்களில் பலர் சான்றிதழுக்காகவே வருகிறார்கள். கூறை எடுத்தாயிற்று, மண்டபம் பதிந்தாயிற்று, மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், அதற்குள் இந்த வகுப்பும் முடிய வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அப்படி ஒரு அவசரத்தோடுதான் ஒரு காலத்தில் அந்த வாங்கில் இருந்தேன். அன்று கேட்டவற்றில் பாதி காதோடு போயிற்று. மீதிப் பாதி, எங்கள் இளையவன் கொழும்புக்கு வேலைக்குப் போன வாரத்தில்தான், கேட்டு முப்பது வருடம் கழித்து, எனக்கு விளங்கத் தொடங்கியது.

அதனால் இப்போது நாங்கள் அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்களுக்கு அறுபது வயது. கடைசிப் பிள்ளையும் போயாயிற்று. மாலை ஆறு மணி, வீட்டில் நீங்கள் இருவர் மட்டும். அந்த மாலையைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

முதலில் சிரிப்பார்கள். கலியாணமே இன்னும் ஆகவில்லை, இவர் கிழவராகச் சொல்கிறார் என்று. பிறகு ஒரு அமைதி வரும். ஒருமுறை ஒரு பெண் பிள்ளை, கடற்தொழில் செய்யும் பையனைக் கட்டப் போகிறவள், மெதுவாகச் சொன்னாள்: "அப்ப இவர் என்னோட கதைப்பாரோ தெரியேல்ல." அவன் பதில் சொல்லவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த கிழமை வந்தபோது, வழியில் அவன் ஏதோ சொன்னதாக அவள் என் மனைவியிடம் சொன்னாள். என்னவென்று நாங்கள் கேட்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தேழு வயதில் கலியாணம். இளையது வீட்டைவிட்டுப் போகும்போது ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. ஆயுசு கெட்டியாக இருந்தால் அதற்குப் பிறகு இன்னும் இருபத்தைந்து வருடம். பிள்ளைகளோடு வாழ்ந்த காலமும் பிள்ளைகளுக்குப் பின்னான காலமும் ஏறத்தாழ ஒரே நீளம். நம் பாட்டன்மாருக்கு இந்த இரண்டாம் பாதி அநேகமாகக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் அதே வளவுக்குள் பேரப்பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். இப்படி இருவர் மட்டும் எதிரெதிரே இருந்து தேத்தண்ணி குடிக்கும் நீண்ட காலம் எங்கள் சமூகத்துக்குப் புதிது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற ஏட்டில் இதைக் கவனித்திருக்கிறார். மனிதர் நெடுங்காலம் வாழ்வதால் மணவாழ்வு நாற்பது, ஐம்பது, அறுபது ஆண்டுகளாக நீள்கிறது, ஆகையால் முதல் நாள் எடுத்த முடிவைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்து. பிள்ளைகள் போன வீட்டில் தம்பதியர் தங்கள் உறவை மறுபடி வரையறுக்க வேண்டிய நெருக்கடியையும் அதே ஏட்டில் தனியாகக் குறிப்பிடுகிறார்.

திருமணத்துக்கு முன்னான ஆயத்தம் என்றால் திருமண நாளோடு முடிவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1063ஆம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மண ஆயத்தத்தைப் பங்குத்தந்தையின் கடமையாக்கும் அதே சட்டம், அதே மூச்சில், மணமானவர்களுக்குத் தொடர்ந்து துணை நிற்பதையும் கடமையாக்குகிறது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்பத்தைப் பற்றி எழுதிய ஏட்டில் ஆயத்தத்தை மூன்று நிலையாகப் பிரித்தார். அதில் முதல் நிலை குழந்தைப் பருவத்தில் தொடங்குகிறது. தாயும் தகப்பனும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதுவே முதல் வகுப்பு. நான் இதை நினைக்கும்போதெல்லாம் கொஞ்சம் நடுங்குகிறேன். நாங்கள் தெரியாமலே எத்தனை வருடம் வகுப்பு எடுத்திருக்கிறோம்!

ஆனாளின் சுரூபத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உலகெங்கும் பெரும்பாலும் ஒரே கோலம்தான். தாய் ஆனாள், பக்கத்தில் சிறுமி மரியா, கையில் ஒரு நூல். தாய் வாசிக்கப் பழக்குகிறாள். அந்தக் கோலத்தில் ஆனாளின் கணவர் சுவக்கீன் அநேகமாக இருப்பதில்லை. தகப்பன் எங்கே என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். தொழிலுக்குப் போயிருப்பார் என்றார் அம்மா. கரையோரத்துப் பிள்ளைக்கு அது போதுமான பதில்.

சுவக்கீனையும் ஆனாளையும் பற்றி விவிலியத்தில் ஒரு வரியும் கிடையாது. அவர்களுடைய கதை, யாக்கோபின் பெயரால் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டின் பழைய நூலொன்றில் இருக்கிறது. பிள்ளையில்லாதவர் என்று சொல்லி ஆலயத்தில் சுவக்கீனின் காணிக்கைக்குத் தடை சொல்கிறார்கள். அவமானம் தாங்காமல் அவர் வீட்டுக்குப் போகவில்லை, மனைவிக்குச் சொல்லவும் இல்லை. நேரே பாலைநிலத்துக்குப் போய்க் கூடாரமடித்து நாற்பது நாள் நோன்பிருக்கிறார். வீட்டில் ஆனாள் இரண்டு ஒப்பாரி வைக்கிறாள். ஒன்று பிள்ளையில்லாமைக்கு. மற்றது கைம்மைக்கு, ஏனென்றால் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்றே அவளுக்குத் தெரியாது. அவர் கடவுளிடம் போனார், உண்மைதான். ஆனால் "வாறன்" என்று ஒரு சொல் சொல்லாமல் போனார். நோன்பும் செபமும்கூட, சொல்லாமல் போனால், வீட்டில் இருப்பவளுக்குக் கைம்மையாகிவிடுகிறது. மணமாகப் போகிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தை நான் அவசரப்படாமல் சொல்வேன்.

பிறகு வானதூதர் இருவருக்கும் தனித்தனியே செய்தி சொல்கிறார். சுவக்கீன் மந்தையோடு திரும்புகிறார். ஆனாள் வாசலில் காத்து நிற்கிறாள், கண்டதும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். 1305 அளவில் இத்தாலியின் பாதுவா நகரத்துச் சிற்றாலயமொன்றில் ஜொத்தோ இதைச் சுவரோவியமாகத் தீட்டினார். முதிய முகங்கள் இரண்டும் ஒன்றாகிப் போயிருக்கும். திருமண வகுப்புகளில் இளம் சோடியின் படம் ஒட்டுவதற்குப் பதிலாக அந்த ஓவியத்தை ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அந்த நூலின் இன்னொரு இடம்தான் வங்காலைக்கு மிகவும் நெருங்கியது என்று நினைக்கிறேன். பிறக்கும் பிள்ளையை ஆண்டவருக்கே கொடுப்பதாக ஆனாள் நேர்ந்திருந்தாள். பிள்ளைக்கு இரண்டு வயதானதும் சுவக்கீன், கொண்டுபோய் விடுவோமா என்று கேட்கிறார். ஆனாள், மூன்று வயது வரட்டும், அதற்குள் விட்டால் தாய் தகப்பனைத் தேடும் என்கிறாள். சரி, பொறுப்போம் என்கிறார் சுவக்கீன். இவ்வளவுதான் அந்த உரையாடல். முன்பு சொல்லாமல் பாலைநிலத்துக்குப் போன அதே மனிதர் இப்போது கேட்கிறார், கேட்டதற்கு அவள் தன் மனத்தைச் சொல்கிறாள், அவர் அதற்கு இடம் விடுகிறார். மூன்று வயதில் கொண்டுபோகிறார்கள். பிள்ளை திரும்பி வீட்டைப் பார்க்காமலிருக்க, கன்னிப்பெண்கள் விளக்கேந்தி முன்னே நடக்கிறார்கள். பிள்ளை பீடத்தின் மூன்றாம் படியில் ஆடுகிறது. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லையே என்று வியந்தபடி பெற்றவர்கள் இறங்கிப் போகிறார்கள். நவம்பர் 21இல் திருச்சபை அந்தக் காணிக்கையை நினைவுகூர்கிறது.

அதற்குப் பிறகு அந்த நூல் இவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. படியிறங்கி வீடுவரை நடந்த வழியில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு மிகவும் கேட்க ஆசையான பேச்சு அதுதான். மூன்று வருடம் மட்டும் பிள்ளையோடு இருந்த வீடு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கூடப் போட்டுவிட்டுப் பிறகு ஆனாள் திரும்ப அள்ளியிருப்பாள். சுவக்கீன் அதைக் கண்டும் காணாதவர் போல இருந்திருப்பார், அல்லது பக்கத்தில் வந்து நின்றிருப்பார். இதெல்லாம் என் கற்பனை. ஆனால் வங்காலையின் பாதுகாவலி, பிள்ளையை அனுப்பிவிட்டுக் கணவனோடு தனியே வீட்டுக்குத் திரும்பி நடந்தவள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். வான்கள் புறப்படும் காலையில் அந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாத வீடு எதுவும் இல்லை.

எல்லா வீடும் ஒரே விதமாக வெறுமையாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில், 1985 ஜனவரி 6 அன்று, வங்காலைப் பங்கின் தந்தை மேரி பஸ்தியான் அடிகள் கொல்லப்பட்டார். 1990இல் மன்னார்க் கரையின் மக்கள் பலர் மடுமாதா கோயிலின் காட்டு நிழலில் தஞ்சம் புகுந்தார்கள். பலர் கடல் தாண்டி இராமேஸ்வரத்துக்கும் அங்கிருந்து மண்டபம் முகாமுக்கும் போனார்கள். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனதால் வெறுமையான வீடும், பிள்ளையை உயிரோடு வைத்திருக்க வேண்டுமென்று பதினாறு வயதில் கண்காணாத இடத்துக்கு அனுப்பியதால் வெறுமையான வீடும், போன பிள்ளை திரும்பவே வராத வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் தறப்பாள் கூடாரத்தின் முன் மாலை மாற்றியவர்களுக்கு ஆயத்த வகுப்பு எங்கே, ஓலை வாசிப்பு எங்கே? அவர்கள் பேசப் பழகுவதற்கு முன் ஓடப் பழகினார்கள். பதுங்குகுழிக்குள் மௌனமாக இருப்பது உயிர் காக்கும் பழக்கம். இருபது வருடம் கழித்து அந்த மௌனத்தை வீட்டுக்குள்ளிருந்து எடுப்பது எளிதில்லை. இப்போது அவர்களுக்கு நடுவயது தாண்டுகிறது, பிள்ளைகள் புறப்படுகிறார்கள். 1063ஆம் சட்டத்தின் பின்பாதி, மணமானவர்களுக்குத் துணை நிற்பது, இவர்களுக்குத்தான் முதலில் சேர வேண்டிய கடன் என்பேன்.

வங்காலையில் விவாகரத்து அரிது. அதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் விவாகரத்து வீதம் 1990க்கும் 2010க்கும் இடையில் இரட்டிப்பானது என்று சூசன் பிரவுணும் ஐ-ஃபென் லினும் கண்டெழுதினார்கள். இங்கே அப்படி நடப்பதில்லை. இங்கே ஒரு கூரைக்குக் கீழ் இரண்டு வீடாகிவிடுகிறது. அவருக்கு முன்விறாந்தை, அவளுக்குக் குசினி, நடுவில் ஒரு தொலைக்காட்சி. வழக்குமன்றம் ஏறாததால் அது பிரிவில்லை என்று எண்ணிவிடுகிறோம்.

ஆனால் நல்ல செய்தியும் உண்டு. பேர்க்லியில் சேரா கோர்ச்சொஃபும் அவரோடு சேர்ந்த இருவரும் மில்ஸ் கல்லூரிப் பெண்கள் குழுவொன்றை நடுவயதில் 18 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2008இல் எழுதினார்கள். பிள்ளைகள் வெளியேறிய பிறகு அந்தப் பெண்களின் மணவாழ்வில் நிறைவு கூடியிருந்தது. கணவனோடு கழிக்கும் நேரம் கூடியதால் வந்த நிறைவாக அது தெரியவில்லை. இருந்த நேரமே இனித்ததுதான் காரணமாகத் தெரிந்தது. இனிப்பது எப்படி என்பதுதானே கேள்வி. மணத்துக்கு முன் ஆயத்தம் பெற்றவர்களிடையே நிறைவு கூடுதலாகவும் பிணக்கும் பிரிவும் குறைவாகவும் இருப்பதை ஸ்கொட் ஸ்டான்லியும் தோழர்களும் 2006இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் எடுத்த கணிப்பில் கண்டார்கள். ஆயத்தம்தான் அதைச் செய்தது என்று அந்தக் கணிப்பை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வகுப்புக்கு வரும் மனமுள்ளவர்களிடம் பொறுமை முன்பே இருந்திருக்கலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. வருவதற்கு ஒரு வாசல் இருந்தால்தானே அந்த மனமும் வந்து நிற்கும்.

திருமணச் சடங்கில் நெடுங்காலம் கவனிக்காமல் விட்ட ஒன்றை, ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில் நான் திடீரென்று கவனித்தேன். வாக்குறுதிக்கு முன் குரு மூன்று கேள்வி கேட்பார். மனச்சுதந்திரத்தோடு வந்தீர்களா, வாழ்நாள் முழுவதும் பிரமாணிக்கமாக இருப்பீர்களா, இறைவன் தரும் பிள்ளைகளை ஏற்பீர்களா என்று. பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. அதன் பின் கையைப் பிடித்துச் சொல்லும் வாக்குறுதியில் நோயும் நலமும் இருக்கின்றன, நல்ல காலமும் கெட்ட காலமும் இருக்கின்றன, வாழ்நாள் முழுவதும் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை. அதில் இருப்பது இரண்டே பேர். மணமக்கள் வயது முதிர்ந்தவர்களானால் அந்த மூன்றாம் கேள்வியைக் குரு விட்டுவிடலாம் என்று சடங்குநூலே இடம் தருகிறது. கேள்வி குறைந்தாலும் வாக்குறுதியில் ஓர் எழுத்தும் குறைவதில்லை.

அன்று கோயிலில் என் மனைவி பக்கத்தில் நின்றாள். எங்கள் பிள்ளைகள் இருவரும் அப்போது தூரத்தில். நான் அந்தச் சொற்களை, சொல்லி முப்பத்து நான்கு வருடம் கழித்து, இரண்டாம் முறையாகக் கேட்பது போல் கேட்டேன். வீடு வெறுமையாகிவிட்டது என்று சில வருடமாக எனக்குள் இருந்த பாரம் கொஞ்சம் இடம் மாறியது. நான் வாக்குக் கொடுத்த ஆள் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. இவ்வளவு காலமும் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

இருவருக்கிடையிலான எல்லா மௌனத்தையும் பேச்சால் நிரப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பின்னேர வேளையில் ஆளில்லாத கோயிலுக்குள் போய் இருந்து பார்த்தவர்களுக்கு மௌனம் எவ்வளவு நிறைந்திருக்கும் என்று தெரியும். ஆனால் அங்கே அந்த மௌனம் நிறைந்திருப்பது, முன்பு அங்கே நாம் அழுததாலும் கேட்டதாலும் நன்றி சொன்னதாலும். ஒன்றும் சொல்லாமலே மௌனத்துக்கு வந்தவர்களுக்கு அது வெறும் சுவர். தோபித்து நூலில் இன்னொரு அன்னா இருக்கிறாள். எங்கள் ஆனாளின் பெயர்தான் அவளுக்கும். கணவன் கண்பார்வை இழந்திருக்க, அவள் நெய்து கொடுத்துக் கூலி வாங்கி வீட்டை ஓட்டுகிறாள். கூலியோடு சேர்த்து யாரோ கொடுத்த ஆட்டுக்குட்டியைக் களவென்று அவர் சந்தேகப்பட, வீட்டில் பெரிய சண்டை. ஒரே மகன் தோபியா தூரதேசம் போனதும் அவள் நாளாந்தம் வழியைப் பார்த்துப் பார்த்து உண்ணாமல் கிடக்கிறாள். அவர் தேற்றுகிறார், அவள் பேசாமலிருங்கள் என்று வெடுக்கென்கிறாள். இவ்வளவு உரசலும் வேதநூலில் அப்படியே விடப்பட்டிருக்கிறது. அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பார்வையில்லாதவருக்கு அந்த வெடுக்கென்ற குரல்கூட ஒரு துணைதான்.

பெரியம்மா வீட்டுக்கு வருகிறேன். மத்தியானம் அவர் மீன் கழுவிக்கொண்டிருக்க நான் குசினி வாசலில் இருந்தேன். உங்கள் காலத்தில் கலியாண வகுப்பு இருந்ததா என்று கேட்டேன். அவர்கள் கட்டியது 1974இல். மன்னார் தனி மறைமாவட்டமாகி, அதற்கென்று ஓர் ஆயர் வந்தது 1981இல்தான். அதற்கு முன் யாழ்ப்பாணத்தோடு.

"வகுப்பு எங்க தம்பி. சுவாமி கூப்பிட்டுச் செபம் கேட்டவர். விசுவாசப் பிரமாணத்தில நான் தடக்குப்பட்டுப் போனன். பிறகு ஒண்டு கேட்டவர். இவனோட கோவம் வந்தா எத்தினை நாளைக்குக் கதைக்காம இருப்பாய் எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"ஒரு நாள் எண்டன். அது கூடிப் போச்சு எண்டார். பொழுதுபட முதல் ரெண்டு பேரில ஆராவது ஒராள் மற்றாளைக் கூப்பிட வேணும் எண்டு சொன்னவர். இவரையும் தனியக் கூப்பிட்டு அதையேதான் சொன்னவராம்."

பொழுது சாயுமுன் கோபம் ஆற வேண்டும் என்பது எபேசியருக்குப் பவுலடிகளார் எழுதியதில் உள்ள அறிவுரை. அந்தப் பழைய சுவாமி அதைக் கூப்பிடுவது என்ற ஒரு செயலாக்கி இருவர் கையிலும் கொடுத்திருக்கிறார். அறுபத்தைந்து பக்கப் பாடநூல் வைத்து நாங்கள் எடுக்கும் வகுப்பு அந்த ஒரு வரிக்கு ஈடாகுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பிறகு, அந்த வரியை யாராவது ஒருவர் சொல்ல வேண்டுமே, சொல்ல ஓர் இடமும் நேரமும் வேண்டுமே என்றும் நினைத்தேன்.

"அப்படிக் கூப்பிட்டனீங்களோ?"

"கூப்பிட்டனான். அவரும் கூப்பிட்டவர். பிள்ளையள் சின்னனா இருக்கேக்க ஒவ்வொரு நாளும் ஒரு சண்டை." மீனைத் திருப்பிப் போட்டுக் கழுவினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்ப சண்டை பிடிக்கிறதுக்கும் ஒண்டுமில்லைத் தம்பி. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் பதில் சொல்ல முயலவில்லை.

பின்னேரம் காற்று கொஞ்சம் அடங்கியது. பெரியப்பா அதே கதிரையில். தொலைபேசி ஒருமுறை மணியடித்தது. தாங்கள் விமானநிலையத்துக்குள் போய்விட்டதாக மகள் சொன்னாள். அவர் "ஓம், ஓம்" என்று வைத்துவிட்டு, "அம்மா, உள்ளுக்குப் போட்டினமாம்" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. மேற்கே கடலின் மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வாடையோடு வந்து பறவைச் சரணாலயத்துச் சேற்றுநிலத்தில் நிற்கும் பூநாரைகள் இந்த மாதத்தில் இல்லை. வெளி வெறுமையாக, அகலமாக இருந்தது.

பெரியம்மா முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ."

அவர் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே இருந்தார். தன்னைத்தான் என்று அவருக்குப் பிடிபடவில்லைப் போலும். பெரியம்மா இரண்டாம் முறை கூப்பிட்டார். இந்த முறை அவர் தலை மெல்லத் திரும்பியது. அவர் முகத்தில் வந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது என்று பட்டது, கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"பொழுதுபடப் போகுது. கடற்கரைப் பக்கம் போயிட்டு வருவமே?"

"செருப்பு எங்கயப்பா வைச்சனீர்?"

"கட்டிலுக்குக் கீழ."

அவர் எழுந்து உள்ளே போனார். தேடும் சத்தம் கேட்டது. பெரியம்மா படலைக் கொளுக்கியைக் கழற்றிவிட்டு அவருக்காக நின்றார். என்னைப் பார்த்து, "தம்பி, போயிட்டு வாறம்" என்றார்.